பேக்கேஜ் செய்த பிரசன்டேஷனில் லிங்க் வேலை செய்யவில்லையா?

பவர்பாயிண்ட் பிரசன்டேஷன் என்றால் ஸ்லைடுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிக்கொண்டு போவது என்ற காலம் மலையேறிவிட்டது. முதல் ஸ்லைடில் ஒரு மெனு வைத்து, அதிலுள்ள பட்டன்களைக் கிளிக் செய்தால் அந்தந்தப் பகுதிக்குச் செல்லும்படி அமைக்கிறோம். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் மெனுவிற்குத் திரும்ப ஒரு பட்டன். இடையில் ஒரு வீடியோ, ஒரு பிடிஎப் பைல், இன்னொரு பிரசன்டேஷன் என்று வெளியே உள்ளவற்றிற்கும் லிங்க் தருகிறோம். பள்ளிப் பாடம், கல்லூரி புராஜெக்ட், கண்காட்சி அரங்கு என எல்லா இடத்திலும் இது பரவிவிட்டது.

இப்படித் தயாரித்ததைப் பேக்கேஜ் செய்து, பென் டிரைவில் எடுத்துச் சென்று, வேறொரு கம்ப்யூட்டரில் இயக்கும்போதுதான் சிக்கல் தலைகாட்டுகிறது. பட்டனைக் கிளிக் செய்தால் 'குறிப்பிட்ட பைலைத் திறக்க முடியவில்லை' என்ற பொருளில் ஒரு செய்தி வரும். சில பட்டன்கள் அந்தச் செய்தியைக்கூடத் தராமல் சும்மா இருக்கும். வேறு சில, நாம் கேட்ட இடத்திற்குப் போகாமல் அடுத்த ஸ்லைடிற்குத் தாவும். எதிரே நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

உடனே பலரும் செய்வது, வீட்டிற்கு வந்து மறுபடி ஒருமுறை பேக்கேஜ் செய்வது. இதனால் பயனில்லை. பத்து முறை பேக்கேஜ் செய்தாலும் அதே லிங்க் அதே இடத்தில்தான் நிற்கும். முதலில் அது எந்த வகை லிங்க் என்று பார்க்க வேண்டும். வகை தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எட்டில் மூன்று

என் அத்தை அறிவியல் ஆசிரியை. மனிதக் கண் பற்றிய பாடத்தை எட்டு பட்டன்கள் கொண்ட மெனுவோடு தயாரித்திருந்தார். மற்ற பள்ளி ஆசிரியர்கள் கூடும் பயிற்சி ஒன்றில் திங்கட்கிழமை அதைக் காட்ட வேண்டும். சனிக்கிழமை மாலை போன் வந்தது. "எட்டு பட்டன்ல மூணுதான் வேலை செய்யுது தம்பி. வீட்டுல எட்டும் ஓடுதே!" என்றார். "எந்த மூணு அத்தை?" என்று கேட்டேன். கண்ணின் பாகங்கள், கிட்டப்பார்வை, தூரப்பார்வை என்று பதில் வந்தது. அதாவது, அதே பைலுக்குள் இருக்கும் வேறு ஸ்லைடுகளுக்குச் செல்லும் மூன்று மட்டும்.

வேலை செய்யாத ஐந்தும் பைலை விட்டு வெளியே போகிறவை. விடைத்தாள் அடங்கிய ஒரு பிடிஎப், ஒரு வீடியோ, விநாடி வினா வைத்திருந்த தனிப் பிரசன்டேஷன் ஆகிய மூன்றும் அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் டி டிரைவில் இருந்தன. பள்ளிக் கம்ப்யூட்டரில் டி டிரைவே இல்லை. அடுத்தது, ஒளி விலகலைச் செய்து காட்டும் ஒரு சிறிய புரோகிராம். அதை அவர் வீட்டில் மட்டும்தான் இன்ஸ்டால் செய்திருந்தார். எட்டாவது பட்டன் ஓர் இணையப் பக்கம். அன்று பள்ளியில் இணைய இணைப்பு இல்லை.

ஆக, பார்ப்பதற்கு ஐந்து பழுதுகள், காரணங்கள் மூன்றே. பைல்கள் மூன்றையும் கீழே சொல்லும் முறையில் சரி செய்தோம். புரோகிராமைப் பேக்கேஜ் ஒருபோதும் இன்ஸ்டால் செய்து தராது. எனவே அது இயங்குவதை ஸ்கிரீன் ரெக்கார்டிங் செய்து வீடியோவாகச் சேர்த்தோம். இணையப் பக்கத்தில் தேவைப்பட்டதோ ஒரே ஒரு படம். அதைத் தனி ஸ்லைடாக வைத்துவிட்டோம். திங்கட்கிழமை எட்டும் ஓடின.

முகவரியில்தான் விஷயம்

வெளியே போகும் லிங்க் என்பது ஒரு முகவரி மட்டுமே. பைல் அதற்குள் இல்லை. முகவரியைப் பவர்பாயிண்ட் இரண்டு விதமாக எழுதிக்கொள்கிறது. பிரசன்டேஷன் இருக்கும் அதே போல்டரில் அந்தப் பைலும் இருந்தால் வெறும் பெயரை மட்டும் குறித்துக்கொள்ளும். இது 'பக்கத்து வீடு' என்று சொல்வதைப் போன்றது. இரண்டு பேரும் சேர்ந்து வேறு ஊருக்குக் குடிபோனாலும் பக்கத்து வீடு பக்கத்து வீடுதான். பைல் வேறு டிரைவில் இருந்தால், டிரைவ் எழுத்து தொடங்கி போல்டர் போல்டராக முழு முகவரியும் எழுதப்படும். கதவு எண், தெரு, ஊர் எல்லாம் உண்டு. ஆனால் அந்தத் தெரு உங்கள் கம்ப்யூட்டரில் மட்டுமே இருக்கிறது. அதே டிரைவில் வேறு போல்டர் என்றால், இரண்டு புள்ளிகளும் ஒரு சாய்கோடுமாகத் தொடங்கும் பாதையாகவும் எழுதப்படலாம். 'ஒரு தெரு தள்ளி' என்பது போல. போல்டர் அமைப்பு மாறினால் இதுவும் வழி தவறும்.

உங்கள் லிங்க் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க, நார்மல் வியூவில் பட்டன் மீது ரைட் கிளிக் செய்து 'எடிட் லிங்க்' தேர்ந்தெடுக்கவும். பழைய பதிப்புகளில் இது 'எடிட் ஹைப்பர்லிங்க்' என்றிருக்கும். கிடைக்கும் டயலாக் பாக்ஸின் அடியில் 'அட்ரஸ்' கட்டத்தைப் பார்க்கவும். பைல் பெயர் மட்டும் இருந்தால் நல்லது. டிரைவ் எழுத்து தெரிந்தால் அந்த லிங்க் பயணத்திற்குத் தயாராக இல்லை என்று பொருள். ஒன்டிரைவ் போல்டரில் வைத்து வேலை செய்பவர்களுக்கு இங்கே நீளமான இணைய முகவரி ஒன்று தெரியலாம். அதையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி செய்யும் முறை எளிது, வரிசைதான் முக்கியம். முதலில் புதிதாக ஒரு போல்டரை உருவாக்கவும். அதில் பிரசன்டேஷனை சேவ் செய்யவும். லிங்க் தரப்போகும் வீடியோ, பிடிஎப், மற்ற பிரசன்டேஷன் அனைத்தையும் அதே போல்டரில் காப்பி செய்யவும். அதன் பின்னரே லிங்க் கொடுக்க வேண்டும். முதலில் லிங்க் கொடுத்துவிட்டுப் பின்னர் பைல்களை ஓரிடத்தில் சேர்த்தால் பழைய முகவரி தானாக மாறாது. ஏற்கெனவே கொடுத்துவிட்ட லிங்க்குகளுக்கு, 'எடிட் லிங்க்' சென்று புதிய போல்டரில் உள்ள பைலைத் தேர்ந்தெடுத்து ஓகே கிளிக் செய்து, பிரசன்டேஷனை மீண்டும் சேவ் செய்திடவும். போல்டருக்குள் போல்டர் வைத்து அடுக்கும் ஆசை பலருக்கு உண்டு. இருபது பைல்களுக்குக் குறைவாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரே போல்டரில் போட்டுவிடுவதே என் பரிந்துரை.

பைல் பெயர்களிலும் சற்று கவனம் தேவை. பெயரின் நடுவே எண் குறியை, அதாவது டெலிபோன் பட்டன்களில் நட்சத்திரத்திற்கு ஜோடியாக இருக்கும் அந்தக் குறியை, பயன்படுத்தவே கூடாது. ஆபீஸ் தொகுப்பு அந்தக் குறி வரைக்கும்தான் பைல் பெயர், அதற்குப் பின் உள்ளது பைலின் உள்ளே போக வேண்டிய இடம் என்று எடுத்துக்கொள்ளும். பைல் கண் எதிரே இருந்தாலும் திறக்காது. லிங்க் கொடுத்த பிறகு பைலின் பெயரை மாற்றுவதும், சாதாரணப் பிரசன்டேஷனாக இருந்ததை 'பவர்பாயிண்ட் ஷோ' வகையில் சேவ் செய்து பழையதை அழித்துவிடுவதும் இதே தொல்லையைத் தரும். பெயருக்குப் பின்னுள்ள துணைப்பெயர் மாறினாலும் பெயர் மாறியதாகவே கணக்கு.

பத்து, இருபது ஸ்லைடுகளில் லிங்க்குகள் சிதறிக் கிடந்தால் ஒவ்வொன்றாக ரைட் கிளிக் செய்து பார்ப்பது அலுப்பு. இதற்கு ஒரு குறுக்குவழி உள்ளது. பிரசன்டேஷன் பைலை ஒரு காப்பி எடுத்து, அந்தக் காப்பியின் துணைப்பெயரை 'ஜிப்' என்று மாற்றுங்கள். 2007 பதிப்பிலிருந்து பவர்பாயிண்ட் பைல் என்பது உள்ளுக்குள் ஒரு ஜிப் பைல்தான். அதைத் திறந்தால் 'பிபிடி' என்ற போல்டர், அதற்குள் 'ஸ்லைட்ஸ்', அதற்குள் '_ரெல்ஸ்' இருக்கும். அங்கே ஒவ்வொரு ஸ்லைடிற்கும் ஒரு சிறிய பைல் கிடைக்கும். நோட்பேடில் திறந்து 'எக்ஸ்டர்னல்' என்ற சொல்லைத் தேடுங்கள். அதையொட்டி 'டார்கெட்' என்பதற்கு எதிரே இருப்பதுதான் அந்த ஸ்லைடிலிருந்து வெளியே செல்லும் முகவரி. மூன்று சாய்கோடுகளும் டிரைவ் எழுத்தும் தெரிந்தால் குற்றவாளி பிடிபட்டுவிட்டான். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், திருத்தத்தைப் பவர்பாயிண்ட்டிலேயே செய்யுங்கள்.

பேக்கேஜ் எதை எடுத்துச் செல்கிறது?

பவர்பாயிண்ட் 97 முதல் 2002 வரையிலான பதிப்புகளில் 'பேக் அண்ட் கோ' என்று ஒரு வசதி இருந்தது. 2003-ல் அதற்குப் பதிலாக 'பேக்கேஜ் ஃபார் சிடி' வந்தது. இன்றைய பதிப்புகளிலும் இதே பெயரில் உள்ளது. பைல் மெனுவில் 'எக்ஸ்போர்ட்' கிளிக் செய்து, 'பேக்கேஜ் பிரசன்டேஷன் ஃபார் சிடி' தேர்ந்தெடுத்து, 'பேக்கேஜ் ஃபார் சிடி' பட்டனை அழுத்தினால் டயலாக் பாக்ஸ் கிடைக்கும். பெயரில் சிடி இருந்தாலும் 'காப்பி டு போல்டர்' என்பதன் மூலம் எந்த போல்டரிலும் சேவ் செய்யலாம். பென் டிரைவிற்கு இதுதான் வழி.

இங்கே 'ஆப்ஷன்ஸ்' அழுத்தி 'லிங்க்டு பைல்ஸ்' என்பதில் டிக் அடையாளம் உள்ளதா என்று பாருங்கள். இதில் ஒரு சொற்குழப்பம் இருக்கிறது. 'லிங்க்டு பைல்ஸ்' என்பது முக்கியமாக ஸ்லைடிலேயே தெரியும்படி இணைக்கப்பட்ட எக்ஸெல் சார்ட், ஒலி, வீடியோ போன்றவற்றைக் குறிக்கிறது. நாம் கிளிக் செய்து திறக்கும் ஹைப்பர்லிங்க் வேறு சமாச்சாரம். அதனால்தான் பைல் மெனுவில் 'இன்ஃபோ' பகுதியில் 'எடிட் லிங்க்ஸ் டு பைல்ஸ்' என்று காட்டும் பட்டியலில் உங்கள் பட்டன்களின் லிங்க்குகளைத் தேடினால் கிடைக்காது. பட்டன் திறக்க வேண்டிய பைல்களை, பேக்கேஜ் டயலாக் பாக்ஸில் உள்ள 'ஆட்' பட்டனை அழுத்தி நீங்களே சேர்த்துவிடுங்கள். பின்னர் 'காப்பி டு போல்டர்' கொடுக்கும்போது, இணைக்கப்பட்ட பைல்களையும் சேர்க்கட்டுமா என்று ஒரு கேள்வி வரும். அவசரத்தில் 'நோ' அழுத்திவிடாதீர்கள். எல்லாம் முடிந்த பின் உருவான போல்டரைத் திறந்து, மெனுவில் உள்ள ஒவ்வொரு பட்டனுக்கும் உரிய பைல் அங்கே இருக்கிறதா என்று நேரில் எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது.

2007 வரை பேக்கேஜுடன் பவர்பாயிண்ட் வியூவர் புரோகிராமையும் சேர்க்க முடிந்தது. பவர்பாயிண்ட் இல்லாத கம்ப்யூட்டரிலும் ஷோ ஓடியது. மைக்ரோசாப்ட் அந்த வியூவரை 2018 ஏப்ரல் 30-உடன் நிறுத்திவிட்டது. எனவே போகும் இடத்தில் பவர்பாயிண்ட் இருக்கிறதா என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பென் டிரைவைச் செருகியவுடன் ஷோ தானாக ஓடும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். 2009-ல் வந்த விண்டோஸ் 7 முதல் பென் டிரைவ்களுக்கு ஆட்டோரன் கிடையாது. பிரசன்டேஷனை வீடியோவாக மாற்றி எடுத்துச் செல்லலாமே என்பார்கள் சிலர். வீடியோவில் பட்டன் ஒரு படம் மட்டுமே. கிளிக் செய்ய எதுவும் இருக்காது.

ஜிப் பைலுக்குள்ளிருந்தே ஓட்டுவது

இது பேக்கேஜ் மிகச் சரியாக இருந்தும் தோற்றுப்போகும் இடம். போல்டரை ஜிப் செய்து மெயிலில் அனுப்புகிறோம். பெற்றுக்கொண்டவர் ஜிப் பைலை டபுள் கிளிக் செய்கிறார். உள்ளே இருக்கும் பைல்கள் சாதாரண போல்டரில் இருப்பது போலவே தெரிகின்றன. பிரசன்டேஷனை டபுள் கிளிக் செய்தால் அழகாகத் திறக்கிறது. ஆனால் விண்டோஸ் அந்த ஒரு பைலை மட்டும் ஒரு தற்காலிக போல்டரில் பிரித்து வைத்துத் திறக்கிறது. மற்ற பைல்கள் ஜிப்புக்குள்ளேயே இருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. வெளியே போகும் அத்தனை லிங்க்கும் படுத்துவிடும். ஜிப் பைல் மீது ரைட் கிளிக் செய்து 'எக்ஸ்ட்ராக்ட் ஆல்' கொடுத்து, பிரிந்து கிடைக்கும் போல்டரிலிருந்து இயக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் பிரசன்டேஷனை மட்டும் தனியாக அனுப்பினாலும் இதே கதிதான்.

மெயிலில் வந்த பைலுக்கு இன்னொரு தடையும் உண்டு. இணையத்திலிருந்து வந்தது என்ற அடையாளம் அதில் ஒட்டியிருப்பதால் 'புரொடெக்டட் வியூ'வில் திறக்கும். 'எனேபிள் எடிட்டிங்' கொடுத்த பின்னர் ஷோவைத் தொடங்கவும். அனுப்பியவர் நம்பகமானவர் என்றால், ஜிப்பைப் பிரிக்கும் முன்பே அதன் மீது ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' சென்று 'அன்பிளாக்' என்பதில் டிக் செய்துவிடலாம். மேக்ரோவை இயக்கும் பட்டன்கள் வைத்திருப்பவர்களுக்கு இது கூடுதல் முக்கியம். இணையத்திலிருந்து வந்த பைல்களில் மேக்ரோக்களைத் தடுப்பதை 2022 முதல் ஆபீஸ் தன் வழக்கமாகவே வைத்துக்கொண்டுள்ளது.

உள்ளே போகும் லிங்க்கும் ஏன் தவறுகிறது?

ஒரே பைலுக்குள் உள்ள ஸ்லைடிற்கான லிங்க் பொதுவாக அறுந்து போகாது. ஸ்லைடுகளின் வரிசையை மாற்றினாலும் அது சரியான ஸ்லைடைத் தேடிப் போய்விடும். அந்த ஸ்லைடை அழித்தால்தான் செத்துப்போகும். ஆனால் 'நெக்ஸ்ட் ஸ்லைடு' என்று கொடுத்த பட்டன் அப்படியல்ல. இடையில் ஒரு ஸ்லைடை நுழைத்தால் அங்கேதான் போகும். மெனுவிற்குத் திரும்பும் பட்டனுக்குக் குறிப்பிட்ட ஸ்லைடையே தேர்ந்தெடுப்பது பாதுகாப்பு. இன்னொரு பிரசன்டேஷனில் உள்ள ஸ்லைடிற்கு லிங்க் கொடுத்திருந்தால் அந்தப் பிரசன்டேஷனின் வரிசையைப் பிறகு கலைக்காதீர்கள். வேறு ஸ்லைடில் போய் இறங்கும்.

பட்டனைக் கிளிக் செய்தால் அடுத்த ஸ்லைடிற்குத் தாவுகிறது என்பதுதான் அதிகம் கேட்கப்படும் புகார். பெரும்பாலும் லிங்க் சரியாகவே இருக்கும். கிளிக்தான் அதன் மேல் விழவில்லை. 'நோ பில்' கொடுத்து உள்ளே நிறமில்லாமல் வரைந்த கட்டத்தில் லிங்க் வைத்தால், ஓரக்கோட்டிலும் எழுத்திலும் மட்டுமே கிளிக் பிடிக்கும். நடுவே கிளிக் செய்தால் ஓட்டை வழியாகப் போய்விடும். அதற்கு ஏதாவது ஒரு நிறம் கொடுத்து, 'டிரான்ஸ்பரன்சி'யை 99 சதவீதமாக வையுங்கள். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. கட்டம் முழுவதும் கிளிக் பிடிக்கும். பட்டனின் மீது வேறொரு டெக்ஸ்ட் பாக்ஸோ படமோ படர்ந்திருந்தாலும் கிளிக் அதற்குப் போய்விடும். பட்டனைத் தேர்ந்தெடுத்து 'பிரிங் டு ஃபிரண்ட்' கொடுக்கவும். இதைவிடத் தெளிவான ஏற்பாடு, கிளிக் தவறினாலும் ஸ்லைடு நகராமல் செய்வது. 'டிரான்சிஷன்ஸ்' டேபில் 'ஆன் மவுஸ் கிளிக்' என்பதன் டிக் அடையாளத்தினை எடுத்துவிட்டு 'அப்ளை டு ஆல்' கொடுக்கவும்.

அப்படிச் செய்தாலும் கீபோர்டு அம்புக்குறியாலும் மவுஸ் சக்கரத்தாலும் ஸ்லைடு நகரும். கண்காட்சியில் பார்வையாளர்களே இயக்கும்படி வைத்தால் சிறுவர்கள் முதலில் தட்டுவது அதைத்தான். 'ஸ்லைடு ஷோ' டேபில் 'செட் அப் ஸ்லைடு ஷோ' சென்று 'பிரவுஸ்டு அட் எ கியோஸ்க்' என்பதனைத் தேர்ந்தெடுத்தால் பட்டன்கள் தவிர வேறெதுவும் ஸ்லைடை நகர்த்தாது. வெளியேற எஸ்கேப் மட்டும் உண்டு. ஆனால் ஒன்று. எந்த ஸ்லைடிலாவது திரும்பும் பட்டன் வைக்க மறந்திருந்தால் பார்வையாளர் அங்கேயே சிக்கிக்கொள்வார். எனவே மெனு பட்டனை ஸ்லைடு மாஸ்டரில் ஒரே இடத்தில் வைத்துவிடுங்கள். 'ஹைடு பேக்ரவுண்டு கிராபிக்ஸ்' டிக் செய்த ஸ்லைடுகளில் அது மறைந்துபோகும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புறப்படும் முன் ஒரு சோதனை

பேக்கேஜைத் தயாரித்த கம்ப்யூட்டரிலேயே இயக்கிப் பார்த்து, எல்லாம் சரி என்று முடிவு செய்பவர்கள் அதிகம். முழு முகவரி உள்ள லிங்க் அங்கே ஏமாற்றும். பேக்கேஜிலுள்ள பட்டனைக் கிளிக் செய்தால் அது பேக்கேஜிலுள்ள பைலைத் திறக்காமல், டி டிரைவில் இருக்கும் பழைய மூல பைலைத் திறந்து காட்டும். உங்களுக்கு வித்தியாசமே தெரியாது.

இதைத் தவிர்க்க, மூல பைல்கள் இருக்கும் போல்டரின் பெயரைத் தற்காலிகமாக மாற்றுங்கள். பெயரின் பின்னால் ஓர் எழுத்தைச் சேர்த்தாலே போதும். அந்த போல்டரில் உள்ள எந்தப் பைலும் திறந்திருக்கக் கூடாது. இல்லையேல் விண்டோஸ் பெயரை மாற்ற விடாது. பைல்கள் பல போல்டர்களில் இருந்தால் எல்லாவற்றிற்கும் இப்படிச் செய்யவும். பின்னர் பென் டிரைவில் உள்ள பேக்கேஜைத் திறந்து, இணைய இணைப்பையும் துண்டித்துவிட்டு, மெனுவில் உள்ள ஒவ்வொரு பட்டனையும் அழுத்திப் பாருங்கள். எந்தப் பட்டன் நின்றுபோகிறதோ அதன் முகவரியை அப்போதே திருத்திக்கொள்ளலாம். முடிந்ததும் போல்டர்களின் பழைய பெயரைத் திரும்ப வைத்துவிடவும்.